இரத்தக் கொதிப்பைக் கண்டறிதல்

சென்ற ஆண்டில் ஒரு நெசவாளர் கூட்டுறவுச் சங்கத்தின் கணக்குகளைப் பார்வையிடச் சென்றிருந்தபோது, சிக்கன நிதியிலிருந்து பணம் கோரும் மனு ஒன்று என் கைக்கு வந்தது. மனுவைக் கொண்டுவந்தவர் அங்கத்தினர் அல்லர், அவருடைய மனைவியார். அங்கத்தினருக்கு வயது நாற்பத்தெட்டு. பக்கவாதம் கண்டு, வலக்கையும் வலக்காலும் செயலற்றுப் படுக்கையில் இருந்தார். மனுவுடன் இணைத்திருந்த காகிதங்களுக்கிடையே, ஈராண்டுகளுக்கு முன் அவ்வூரில் நடந்த மருத்துவ முகாமில் கொடுத்த துண்டுச் சீட்டு ஒன்றும் இருந்தது. அதில் 170/104 என்று எழுதியிருந்தது.

"இதை அப்புறம் யாரிடமும் காட்டவில்லையா, அம்மா?" என்று கேட்டேன்.

"தலைவலி, மயக்கம் ஒன்றுமில்லையே என்று பெட்டியில் போட்டவர்தாங்க. அப்புறம் நாங்களும் மறந்துவிட்டோம்" என்றார் அந்த அம்மையார்.

அந்தச் சீட்டில் இருந்த இலக்கம் ஓர் எச்சரிக்கை. ஆனால் அதன் பின் நடந்திருக்க வேண்டிய இரண்டாவது அளவும், மூன்றாவது அளவும், வைத்தியரின் தீர்மானமும் நடைபெறவே இல்லை. இதற்கு நேர்மாறாக, ஒரே ஒரு நாள் அளவைக் கண்டு பயந்து, தேவையில்லாமல் கவலையுற்றுத் தாமே மாத்திரை வாங்கி விழுங்குவோரும் உண்டு. இவ்விரு தவறுகளுக்கும் மூலம் ஒன்றே. இரத்த அழுத்தத்தை அளப்பது வேறு, இரத்தக் கொதிப்பு நோய் உண்டென்று நிர்ணயிப்பது வேறு என்பதை நாம் அறிந்துகொள்ளாமையே அது. இப்பாடத்தில் அவ்விரண்டையும் முறையாகத் தெரிந்துகொள்வோம்.

பெயரால் வந்த மயக்கம்

'இரத்தக் கொதிப்பு' என்னும் பெயரைக் கேட்டதும், இரத்தம் சூடேறிக் கொதிப்பதாகவும், கோபக்காரருக்கே அது வருமென்றும், வந்தால் தலை சுற்றுமென்றும், கண் சிவக்குமென்றும் பலர் எண்ணுகின்றனர். இவை எதுவும் சரியன்று. இரத்தத்தின் சூட்டுக்கும் இந்நோய்க்கும் தொடர்பில்லை. இரத்தம் ஓடும் குழாய்களின் சுவரில் அது செலுத்தும் அழுத்தம் இருக்க வேண்டிய அளவுக்கு மேல் எந்நாளும் நிலைத்திருப்பதே இந்நோய்.

கிணற்றில் பம்புசெட் இறைப்பதைப் பார்த்திருப்போம். தண்ணீர் போகும் இரப்பர்க் குழாயின் வாயைச் சற்றே நெருக்கினால் குழாய் விறைத்துக்கொள்ளும். அப்படியே நெடுநாள் ஓட விட்டால் எங்கேனும் ஓரிடத்தில் குழாய் நைந்துபோகும், பம்பும் தேயும். நம் உடலிலும் இதுவே நிகழ்கிறது. மிகுந்த அழுத்தம் ஆண்டுக்கணக்கில் நீடித்தால் மூளையின் குழாய் அடைபடலாம் அல்லது வெடிக்கலாம், இதயம் தடித்துத் தளரலாம், சிறுநீரகம் பழுதாகலாம், கண்ணின் பார்வை கெடலாம். இத்தனையும் நடந்துகொண்டிருக்கும்போது பெரும்பாலோருக்கு எந்த அறிகுறியும் தோன்றுவதில்லை. உலக சுகாதார நிறுவனம் 2023-ஆம் ஆண்டில் வெளியிட்ட அறிக்கையின்படி, 30 முதல் 79 வயது வரை உள்ளோரில் ஏறத்தாழ 130 கோடிப் பேருக்கு இந்நோய் இருக்கிறது. அவர்களில் கிட்டத்தட்டப் பாதிப்பேர் தமக்கு அது இருப்பதை அறியாதவர்கள். ஆகவே, உடம்பு சொல்லும் வரை காத்திருப்பது பயனற்றது. கருவியால் அளந்து பார்ப்பது ஒன்றே வழி.

கருவி வந்த வரலாறு

இரத்தத்திற்கு அழுத்தம் உண்டென்பதை முதன்முதல் அளந்து காட்டியவர் இங்கிலாந்து நாட்டுப் பாதிரியாரான ஸ்டீபன் ஹேல்ஸ். ஒரு குதிரையின் இரத்தக் குழாயில் நீண்ட கண்ணாடிக் குழாயைப் பொருத்தியபோது, இரத்தம் அதனுள் எட்டடிக்கு மேல் ஏறி நின்றது. இச்சோதனையை அவர் 1733-இல் நூலாக வெளியிட்டார். மனிதருக்கு இம்முறை பயன்படாது என்பது வெளிப்படை. 1896-இல் இத்தாலிய வைத்தியர் ரீவா-ரோச்சி, கையைச் சுற்றி இரப்பர்ப் பட்டையைக் கட்டி, அதில் காற்றடைத்து, எந்த அழுத்தத்தில் நாடி மறைகிறது என்பதைப் பாதரசக் குழாயில் கண்டறியும் கருவியை அமைத்தார். 1905-இல் ருஷிய வைத்தியர் கொரட்காஃப், பட்டைக்குக் கீழே ஸ்டெதஸ்கோப்பை வைத்துக் கேட்டால் மேல் அளவு, கீழ் அளவு இரண்டையும் ஒலியைக் கொண்டே அறியலாம் என்று கண்டார். இன்றும் வைத்தியர் கையில் பட்டை கட்டி, காதில் ஸ்டெதஸ்கோப்பை மாட்டிச் செய்வது இந்த முறையே.

பட்டையில் காற்றை நிறைய ஏற்றினால் கையின் இரத்தக் குழாய் முற்றும் அமுங்கிவிடும், ஒலி கேளாது. காற்றை மெல்ல மெல்ல விடும்போது, இதயம் சுருங்கித் தள்ளும் வேகத்தில் இரத்தம் அமுங்கிய குழாயைத் திறந்துகொண்டு பாயத் தொடங்கும். அப்போது 'தட், தட்' என்று கேட்கும் முதல் ஒலியே மேல் அளவு. மேலும் காற்று இறங்கியபின், இதயம் ஓய்ந்து விரியும்போதும் குழாய் திறந்தே இருக்கும் நிலை வரும். அப்போது ஒலி நின்றுபோகும். அந்த இடமே கீழ் அளவு. 120/80 என்றால் மேல் அளவு 120, கீழ் அளவு 80 மில்லிமீட்டர் பாதரசம் என்று பொருள்.

பாதரசம் நச்சுப் பொருளாதலால், அதன் உபயோகத்தைக் குறைக்க 2013-இல் மினமாட்டா உடன்படிக்கை ஏற்பட்டது. பாதரசக் கருவிகள் இப்போது மெல்ல விலகி, மின்கலத்தில் இயங்கும் தானியங்கிக் கருவிகள் பரவியுள்ளன. இவை ஒலியைக் கேட்பதில்லை. பட்டைக்குள் நாடியின் அதிர்வைக் கொண்டு அளவைக் கணிக்கின்றன. தக்க முறையில் சோதித்து ஏற்கப்பட்ட கருவியாயின் இவற்றை நம்பலாம். ஆயினும் நாடி ஒழுங்கின்றித் துடிப்போருக்கு இவை தவறான அளவைக் காட்டக்கூடும். அத்தகையோருக்கு வைத்தியர் பல முறை அளந்தும், காதால் கேட்டும் முடிவு செய்வார்.

அளக்கும் முறை

நெல் கொள்முதல் செய்யும்போது மூட்டையின் வாயில் ஒரு பிடி அள்ளிப் பார்த்து ஈரத்தைத் தீர்மானித்தால் விவசாயிகளாகிய நீங்கள் ஒப்புவீர்களா? நூல் வாங்கும்போது ஒரே ஒரு சிட்டத்தைப் பார்த்துச் சிப்பம் முழுவதன் தரத்தையும் முடிவு செய்தால் நெசவாளர்கள் ஒப்புவார்களா? இரத்த அழுத்தத்திலும் அளக்கும் முறை கெட்டால் அளவும் கெட்டுவிடும். கீழ்க்கண்ட விதிகளை ஒவ்வோர் அங்கத்தினரும் அறிந்திருத்தல் நலம்.

1. அளப்பதற்கு முந்திய அரை மணி நேரத்திற்குள் காப்பி, தேநீர் அருந்தலாகாது. பீடி, சுருட்டு, புகையிலை கூடாது. கடும் உழைப்பும் கூடாது. தறிக்குழியிலிருந்து எழுந்தவுடனோ, வரப்பில் மண்வெட்டியை வைத்தவுடனோ ஓடிவந்து கையை நீட்டினால் கிடைக்கும் அளவு அவருடைய உழைப்பின் அளவே ஒழிய நோயின் அளவு அன்று.

2. சிறுநீர் கழித்துவிட்டு வர வேண்டும். அடக்கிக்கொண்டு உட்கார்ந்தால் மேல் அளவு ஏறத்தாழ 10 வரை உயர்ந்து காட்டக்கூடும்.

3. முதுகைச் சாய்த்து நாற்காலியில் உட்கார்ந்து, பாதங்களைத் தரையில் ஊன்றி, ஐந்து நிமிடம் அமைதியாக இருக்க வேண்டும். கால்மேல் கால் போட்டால் 2 முதல் 8 வரை அளவு கூடும்.

4. கையை மேசைமேல் வைத்து, பட்டை இதயத்தின் மட்டத்தில் இருக்குமாறு செய்ய வேண்டும். கை தொங்கிக்கொண்டிருந்தால் ஏறத்தாழ 10 கூடுதலாகக் காட்டும். இதயத்தைவிட உயரத்தில் இருந்தால் குறைத்துக் காட்டும்.

5. பட்டையை வெறும் கையில் கட்ட வேண்டும். சட்டையின் மேல் கட்டலாகாது. பட்டையின் கீழ் விளிம்பு முழங்கை மடிப்புக்கு இரண்டு விரற்கடை மேலே இருக்க வேண்டும். பட்டைக்குள் இருக்கும் காற்றுப்பை, மேற்கையின் சுற்றளவில் ஐந்தில் நான்கு பங்கையாவது சுற்ற வேண்டும். உழைத்துப் பருத்த கைக்குச் சிறிய பட்டையைக் கட்டினால் இல்லாத நோய் இருப்பதாகத் தோன்றும். ஆகையால் முகாம்களில் பெரிய பட்டை ஒன்றும் இருத்தல் அவசியம்.

6. அளக்கும்போது பேசலாகாது. அளப்பவரும் பேச்சுக் கொடுக்கலாகாது. பேச்சினாலேயே ஏறத்தாழ 10 உயரும்.

7. முதன்முறை அளக்கும்போது இரு கைகளிலும் அளந்து, எந்தக் கையில் அளவு மிகுதியோ அந்தக் கையிலேயே பின்னரும் அளக்க வேண்டும். இரு கைகளுக்கும் இடையே பெரிய வேறுபாடு இருந்தால் அதனை வைத்தியரிடம் தெரிவிக்க வேண்டும்.

8. ஒரு நிமிட இடைவெளி விட்டு மூன்று முறை அளந்து, முதல் அளவை நீக்கி, மற்ற இரண்டின் சராசரியை எடுத்துக்கொள்ள வேண்டும். முதல் அளவு பெரும்பாலும் சற்று மிகுதியாகவே இருக்கும்.

வரிசையில் நிற்கும் கூட்டத்தைப் பார்த்துக்கொண்டு, 'அடுத்தவர், அடுத்தவர்' என்று அவசரமாக அளக்கும் முகாமில் இவற்றில் பாதி விதிகள் கைவிடப்படுகின்றன. அங்கே கிடைக்கும் அளவை அலட்சியம் செய்யவேண்டாம். அதனையே முடிவாகக் கொள்ளவும் வேண்டாம். மறுபடியும் அளக்க வேண்டும் என்னும் அறிவிப்பாக அதனைக் கொள்ள வேண்டும்.

நிர்ணயம் செய்வது எவ்வாறு?

மேல் அளவு 140 அல்லது அதற்கு மேலாகவோ, கீழ் அளவு 90 அல்லது அதற்கு மேலாகவோ, இரு வேறு நாட்களில் அளந்தபோதும் இருக்குமானால் இரத்தக் கொதிப்பு உண்டென்று கொள்வது உலக சுகாதார நிறுவனத்தின் விதி. இரண்டு அளவும் மிகவேண்டுமென்பதில்லை. ஒன்று மிகுந்தாலும் போதும். அமெரிக்க இதயநோய் வைத்தியர்களின் அமைப்புகள் 2017-இல் 130/80 என்பதையே எல்லையாக வகுத்தன. நம் நாட்டில் பெரும்பாலும் 140/90 என்பதையே எல்லையாகக் கொள்கின்றனர். இரண்டு நாட்களுக்கும் இடையே பொதுவாக ஒரு வாரம் முதல் நான்கு வாரம் வரை விடுவது வழக்கம்.

இதனைக் கணக்காகவே பார்ப்போம். ஓர் அங்கத்தினருக்கு முதல் நாள் 158/98, 152/94, 146/92 என்று மூன்று அளவுகள் கிடைக்கின்றன. முதலாவதை நீக்கினால் சராசரி 149/93. இரண்டு வாரம் கழித்து 150/92, 148/90, 144/92. முதலாவதை நீக்கினால் சராசரி 146/91. இரு நாட்களிலும் எல்லையைத் தாண்டியிருப்பதால் அவருக்கு நோய் உண்டென்று வைத்தியர் கூறுவார்.

மற்றோர் அங்கத்தினருக்கு முதல் நாள் 156/92, 148/90, 144/88, சராசரி 146/89. இரண்டு வாரம் கழித்து 134/84, 128/80, 126/78; சராசரி 127/79. இவருக்கு நோய் உண்டென்று அந்த ஒரு நாள் அளவைக்கொண்டு சொல்வதற்கில்லை. எனினும் இவரும் சும்மா இருத்தல் தகாது. வீட்டில் அளந்து பார்த்து உறுதி செய்துகொண்டு, தொடர்ந்து கவனித்து வரவேண்டும்.

இவ்விதிக்கு விலக்கும் உண்டு. அளவு 180/110 அல்லது அதற்கு மேல் இருப்பின், சற்று ஓய்வு கொடுத்து மீண்டும் அளந்து, அப்படியே இருந்தால் அன்றே வைத்தியரிடம் அனுப்ப வேண்டும். இரண்டாம் வாரம் பார்ப்போம் என்று விடலாகாது. மார்வலி, மூச்சுத்திணறல், வாய் கோணுதல், ஒரு பக்கக் கை கால் தளர்தல், பேச்சுக் குழறல், திடீரென்று பார்வை மங்குதல் ஆகியவற்றுள் ஒன்று தோன்றினாலும், அளவு எதுவாயினும் ஒரு நொடியும் தாமதியாமல் 108 வண்டியை அழைத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுசெல்ல வேண்டும்.

கருவுற்ற பெண்களுக்குக் கணக்கு வேறு. அவர்களுக்கு 140/90 என்னும் அளவு கண்டால் தாய்க்கும் சேய்க்கும் ஆபத்து நேரக்கூடுமாதலால் உடனே கவனிக்க வேண்டும்.

வெள்ளை அங்கியும் மறைந்த நோயும்

வைத்தியரைக் கண்டவுடனேயே சிலருக்கு அழுத்தம் ஏறிவிடுகிறது. வீட்டில் அளந்தால் சரியாக இருக்கிறது. இதனை 'வெள்ளை அங்கிக் கொதிப்பு' என்பர். இதற்கு எதிரிடையாக, ஆஸ்பத்திரியில் சரியாக இருந்து, வீட்டிலும் வேலையிடத்திலும் மிகுந்து நிற்பதும் உண்டு. அது 'மறைந்த கொதிப்பு'. இரண்டாவது வகையே கூடுதல் கேடு தருவது; ஏனெனில் அதனை எவரும் சந்தேகிப்பதில்லை.

இவ்விரண்டையும் பிரித்தறிய வீட்டு அளவு உதவும். காலையில் மருந்துக்கும் உணவுக்கும் முன் இரண்டு முறையும், மாலையில் இரண்டு முறையுமாக ஏழு நாள் அளந்து எழுதி, முதல் நாளை நீக்கி, ஏனைய நாட்களின் சராசரியைக் காண வேண்டும். வீட்டு அளவுக்கு எல்லை 135/85. அன்றியும், உடம்போடு கட்டிக்கொண்டு இருபத்துநான்கு மணி நேரமும் இடைவிட்டு அளக்கும் கருவியும் உண்டு. அதில் முழுநாள் சராசரிக்கு எல்லை 130/80. உறங்கும்போது இறங்க வேண்டிய அழுத்தம் இறங்குகிறதா என்பதையும் அது காட்டும்.

நிர்ணயத்தின் பின் சோதனைகள்

சங்கத்தில் கையிருப்புக் குறைவு என்று கண்டவுடன் நாங்கள் நின்றுவிடுவதில்லை. குறைவு எங்கிருந்து வந்தது, அதனால் விளைந்த நஷ்டம் எவ்வளவு என்று பேரேட்டைப் பார்க்கிறோம். வைத்தியரும் அவ்வாறே இரண்டு கேள்விகளுக்கு விடை தேடுகிறார். ஒன்று, இதுவரை எந்த உறுப்புக்குக் கெடுதல் நேர்ந்திருக்கிறது? மற்றொன்று, இக்கொதிப்புக்கு வேறொரு நோய் காரணமாக இருக்கிறதா?

இதற்காகச் சிறுநீரில் புரதம் வெளியேறுகிறதா என்று பார்ப்பர். இரத்தத்தில் கிரியேட்டினின், பொட்டாசியம், சர்க்கரை, கொழுப்பு ஆகியவற்றைப் பார்ப்பர். இதய மின்வரைவு எடுப்பர். தேவைப்படின் கண்ணின் உட்புறத்தையும் பார்ப்பர். பெரும்பாலோருக்குக் குறிப்பிட்ட ஒரு காரணம் அகப்படாது. வயதும், பரம்பரையும், உப்பு மிகுந்த உணவும், உடற்பருமனும், மதுவும் சேர்ந்து விளைவது அது. ஆனால் இளவயதில் கண்டாலும், திடீரென்று மிகுந்தாலும், பல மருந்துகளுக்கும் அடங்காமல் நின்றாலும், சிறுநீரக நோய், சிறுநீரகக் குழாய் சுருக்கம், அட்ரினல் சுரப்பியின் கோளாறு, உறக்கத்தில் மூச்சுத் தடைப்படும் நோய் ஆகியவற்றுள் ஏதேனும் உண்டா என்று ஆராய்வர்.

இங்கே நம் அங்கத்தினர்கள் முக்கியமாக ஒன்றைக் கவனிக்க வேண்டும். இடுப்பு வலிக்கும் முதுகு வலிக்கும் மருந்துக் கடையில் தாமே வாங்கி விழுங்கும் வலி மாத்திரைகளில் பல, இரத்த அழுத்தத்தை உயர்த்துபவை; சிறுநீரகத்தையும் கெடுப்பவை. ஆகவே என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறோம் என்பதை மறையாமல் வைத்தியரிடம் சொல்ல வேண்டும். சொல்லாமல் விட்டால் நிர்ணயமே தவறிப்போகும்.

சங்கங்கள் செய்யக்கூடியது

முப்பது வயது நிறைந்த ஒவ்வொருவரும் ஆண்டுக்கு ஒரு முறையேனும் அளந்துகொள்ள வேண்டும். 120-க்கும் 139-க்கும் இடையே மேல் அளவு உள்ளவர்கள் இதில் தவறவே கூடாது. துணை சுகாதார நிலையத்திலும் ஆரம்ப சுகாதார நிலையத்திலும் இதற்குக் கட்டணமில்லை. 2021 ஆகஸ்ட் 5-இல் தமிழ்நாட்டில் தொடங்கப்பெற்ற மக்களைத் தேடி மருத்துவம் என்னும் திட்டத்தின்கீழ், பெண் சுகாதாரத் தன்னார்வலர்கள் வீடு தேடி வந்தும் அளக்கின்றனர். அவர்கள் வரும்போது 'வேலையாக இருக்கிறேன், அப்புறம் வா' என்று திருப்பி அனுப்பாதிருப்பதே நாம் செய்ய வேண்டிய முதல் உதவி.

சங்கத்தின் நிர்வாகக் குழு மனம் வைத்தால் மேலும் செய்யலாம். சோதித்து ஏற்கப்பட்ட தானியங்கிக் கருவி ஒன்று, இரு அளவுப் பட்டைகள், சாய்வுள்ள நாற்காலி, ஒரு மேசை, ஒரு குறிப்பேடு இவ்வளவே வேண்டுவன. கூலி பட்டுவாடா நாளிலும், பால் பணமோ விளைபொருள் பணமோ வழங்கும் நாளிலும் அங்கத்தினர்கள் எப்படியும் சங்கத்துக்கு வருகிறார்கள். சுகாதார நிலையத்தின் செவிலியரை அந்நாளில் வரவழைத்து அளக்கச் செய்யலாம். குறிப்பேட்டில் தேதி, நேரம், எந்தக் கை, மூன்று அளவுகள், மறுபடி வர வேண்டிய தேதி ஆகிய பத்திகள் இருக்கட்டும். கடைசிப் பத்தியே மிக முக்கியமானது. கடன் தவணை தவறியவருக்கு அறிவிப்பு அனுப்பும் சங்கம், மறு அளவுக்கு வரத் தவறியவருக்கு ஒரு சொல் சொல்லி அனுப்புவது பெரிய காரியமன்று. ஆயினும் ஒருவருடைய நோய் ஊரார் பேச்சுக்குப் பொருளாகக் கூடாதாகையால், அக்குறிப்பேடு செவிலியர் பொறுப்பிலேயே பூட்டி வைக்கப்பட வேண்டும்.

மாத்திரை தொடங்குவதும், மாற்றுவதும், நிறுத்துவதும் வைத்தியருடைய வேலை. அண்டை வீட்டுக்காரருக்கு ஒத்துக்கொண்ட மாத்திரை நமக்கும் ஒத்துக்கொள்ளும் என்று எண்ணுவதும், அளவு சரியாகிவிட்டது என்று மருந்தை நிறுத்துவதும் ஒருபோதும் கூடாது. மருந்தினால்தான் அளவு சரியாக நிற்கிறது என்பதை மறத்தலாகாது.

முன்னே சொன்ன அந்த மனுவுக்கு விதிப்படி பணம் வழங்கப்பட்டது. தறியில் இப்போது அவருடைய மகன் உட்கார்ந்திருக்கிறான். கல்லூரியில் சேர இருந்த பிள்ளை. அவனுக்கு இருபது வயதுதான். தந்தைக்கு இந்நோய் இருந்தமையால் அவனும் அளந்து பார்த்துக்கொள்ள வேண்டும் என்று சொல்லி வந்தேன். இதைப் படிக்கும் அங்கத்தினர்களும் தங்கள் பெட்டியைத் திறந்து பார்க்கட்டும். பழைய முகாம்ச் சீட்டு ஏதேனும் கிடந்தால், அதை எடுத்துக்கொண்டு இவ்வாரமே சுகாதார நிலையத்துக்குச் சென்று மறுபடி அளந்து வருவார்களாக.